மீறியதற்கு யார் கட்டுவது?

(அருப்புக்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘மீறல்’ என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்படிச் சொன்னால் எங்களைப் போன்ற பேச்சாளர்கள் சாக்ரடீஸ் வீட்டுக்குத்தான் முதலில் போவோம். அங்கே விஷக் கோப்பையை எடுத்து வைத்துவிட்டு, தோரோ, தண்டி யாத்திரை என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். இன்றைக்கு அவ்வளவு தூரம் போகிற உத்தேசம் இல்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடக்கூடிய ஊர்களிலேயே இந்தத் தலைப்புக்கு வேண்டியது நிறையக் கிடக்கிறது.

நம் பக்கம் கண்மாய்ப் பாசனம். மழை குறைந்த வருஷத்தில் எந்த மடையை என்றைக்குத் திறப்பது, யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். நீர்பாய்ச்சி அதன்படி திறந்துவிடுவார். ராத்திரியில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் வாய்க்காலைத் தன் வயலுக்கு வெட்டி விட்டுக்கொள்கிறார் என்று வையுங்கள். விடிந்ததும் தெரிந்துவிடும். கரிசலில் ஈரத்தை ஒளித்துவைக்க முடியாது. வாய்க்கால் கரையில் பதிந்த கால் தடம் மத்தியானம் வரை அப்படியே நிற்கும். ஊர் கூடும், அபராதம் போடும். பணத்தைக் கட்டி, சபையில் விழுந்து கும்பிட்டு எழுந்தால் தீர்ந்தது. அடுத்த முறை வரும்போது அவர் வயலுக்கும் தண்ணீர் உண்டு.

இதை ஒரு பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சபையில் உட்கார யார் யாருக்கு இடம் கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு கணக்கு மட்டும் நேராக இருந்தது. வெட்டியவர் கட்டினார். ஒரு மீறலைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சரியா தப்பா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். மீறியது யார், கட்டியது யார்?

திருச்சுழியில் இருந்து தொடங்குகிறேன். பூமிநாதர் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமனைப் பிற்பாடு உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது. அப்பா சுந்தரம் ஐயர் மனு எழுதிக் கொடுப்பவராக இருந்து, பிறகு திருச்சுழிக் கோர்ட்டில் வாதாடியவர். சட்டம் சோறு போட்ட குடும்பம். 1892இல் அவர் இறந்துபோக, பையன்கள் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்தார்கள்.

1896 ஆகஸ்ட் 29. பாடம் படிக்காமல் போனதற்குத் தண்டனையாக, ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மூன்று முறை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். பையன் இரண்டு முறை எழுதினான். மூன்றாவது முறை எழுதும்போது நோட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருப்பவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று கடிந்துகொண்டார். பையன் எழுந்தான். பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்றான். அது பொய். போகிறதுதான் போகிறாய், பெட்டியில் இருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொண்டு போய் என் காலேஜ் சம்பளத்தையும் கட்டிவிடு என்றார் அண்ணன். பையன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டான். கூடவே ஒரு சீட்டு. தன் தகப்பனைத் தேடிக்கொண்டு போவதாகவும், தன்னைத் தேடப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் எழுதிவிட்டு, அண்ணனுடைய சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை, இத்தோடு இரண்டு ரூபாய் இருக்கிறது என்று கணக்கையும் எழுதிவைத்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை.

பொய், அனுமதியில்லாமல் எடுத்த மூன்று ரூபாய், பெரியவர்களிடம் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனது: பதினாறு வயதுப் பையன் ஒரு மத்தியானத்துக்குள் எத்தனை விதிகளைத் தாண்டியிருக்கிறான், பாருங்கள். பக்தர்கள் இந்த மூன்று ரூபாயை ஒரு புன்னகையோடு கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த இரண்டு ரூபாய்தான் பெரிதாகத் தெரிகிறது. ரயில் கட்டணம் இவ்வளவுதான் ஆகும் என்று கணித்து, தேவைக்கு மேல் ஒரு காசு எடுக்கவில்லை. அண்ணன் சம்பளம் கட்டியாகிவிட்டது என்று ஏமாந்து நிற்கக் கூடாது என்ற கவலையும் இருந்திருக்கிறது. தன்னுடைய மீறலால் இன்னொருவருக்கு என்ன நஷ்டம் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான்.

செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். தலையை மழித்தார், பூணூலைக் கழற்றிப் போட்டார், வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டார். சந்நியாசம் வாங்குவதற்குச் சாஸ்திரத்தில் முறை இருக்கிறது. குரு வேண்டும், தீட்சை வேண்டும், காவி வேண்டும். அவருக்கு இதெல்லாம் ஒன்றுமே நடக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து, அவருடைய ஆசிரமத்தின் நிர்வாகம் பற்றிய வழக்கு ஒன்று வந்தபோது 1936இல் விசாரணைக்காக ஆசிரமத்துக்கே ஆட்கள் வந்தார்கள். நீங்கள் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டார்கள். பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றைச் சொன்னால் குமாஸ்தா எழுதிக்கொண்டு போய்விடுவார். இவர் அதியாசிரமம் என்றார். நான்குக்கும் அப்பாற்பட்டது என்று அர்த்தம். சுந்தரம் ஐயர் இருந்திருந்தால், மனுவில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று திண்டாடியிருப்பார்.

இவர் கட்டிய விலை என்ன என்று கேட்டால், எல்லாவற்றையும் தானே கட்டிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். வீடு, படிப்பு, உடம்பு எல்லாம். தாயார் அழகம்மாள் தேடிவந்து கண்ணீர் விட்டதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அந்தப் பங்கு அவருக்குத் தெரியாமல் நடந்தது அல்ல. பிற்காலத்தில் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டார். 1922இல் அந்த அம்மாள் காலமானபோது உடலை எரிக்காமல், ஞானியருக்குச் செய்வதுபோல் சமாதி வைத்தார்கள். பெண்ணுக்குச் சமாதியா என்ற கேள்வி எழாமல் இல்லை.

இது ஒருவர் தன்னந்தனியாகச் செய்த மீறல். அவர் வீட்டை விட்டுப் போய் ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, கமுதியில் இன்னொன்று நடந்தது. அங்கே கணக்கு இவ்வளவு சுத்தமாக இல்லை.

1897 மே 14. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் இருளப்ப நாடார் தலைமையில் பதினைந்து பேர் போய் வழிபட்டார்கள். நாடார்களுக்கு அந்தக் கோயிலுக்குள் இடம் கிடையாது என்பது அன்றைய வழக்கம். கோயிலின் பரம்பரை தர்மகர்த்தா ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. அந்த வருஷம் ஜனவரியில் பாம்பனில் வந்து இறங்கிய விவேகானந்தரைக் கொண்டாடி வரவேற்றாரே, அதே சேதுபதிதான். பிறகு கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்தி செய்ய 2,500 ரூபாய் வேண்டும் என்று வழக்குப் போட்டவரும் அவர்தான். மனிதர் இரட்டை வேஷக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ராஜா என்ற முறையில் ஒன்றும் தர்மகர்த்தா என்ற முறையில் ஒன்றும் செய்ய வேண்டியிருந்தது. வழக்கு அப்பீலில் இருந்தபோது அவரே நாடார்களோடு சமரசத்துக்கு வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறு சிலர் வழக்கில் நுழைந்து அது கூடாது என்றார்கள். ஆக, விதியைக் காக்க வேண்டிய தர்மகர்த்தாவே விட்டுவிடத் தயாராக இருந்தபோதும் விதி விடவில்லை.

1899 ஜூலையில் மதுரையில் தீர்ப்பு வந்தது. நாடார்கள் தோற்றார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதையே உறுதிசெய்தது. கோர்ட்டுகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது காலங்காலமாக நடந்துவரும் வழக்கமா? ஆம் என்றால் அதுவே சட்டம். அந்த வழக்கம் நியாயமா என்று கேட்பது தங்கள் வேலை இல்லை என்பது வெள்ளைக்காரன் கோர்ட்டின் நிலை. பல்லக்கில் போகிறவர்களுக்கு இது வசதியான சட்டவியல். நேற்று வரை அடித்தேன் என்று நிரூபித்துவிட்டால் நாளைக்கும் அடிக்க உரிமை உண்டு.

நாடார் தரப்பு வைத்த வாதத்தையும் நாம் மழுப்பாமல் பார்க்க வேண்டும். நாங்கள் சத்திரியர்கள், ஆகவே எங்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் அந்த வாதம். விருதுநகரில் 1889இல் தொடங்கிய பள்ளிக்குச் சத்திரிய வித்தியாசாலை என்று பெயர் வைத்த காலம் அது. கோயில் வாசலில் யாரையும் நிறுத்தக் கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை. எங்களைத் தப்பான வரிசையில் நிறுத்திவிட்டீர்கள் என்றுதான் கேட்டார்கள். இதைச் சொன்னால் இந்த ஊரில் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். அந்தப் பதினைந்து பேருடைய துணிச்சலை இது ஒரு முழம்கூடக் குறைக்காது. மகமை என்ற பொது நிதி வைத்துப் பள்ளி கட்டி, கடை வைத்து, லண்டன் வரைக்கும் வழக்கு நடத்திய சமூகம் அது. ஆனால் விதியை மீறுவது வேறு, விதிக்குள் தனக்கு நல்ல இடம் கேட்பது வேறு. இரண்டும் வாசல்படியைத் தாண்டும்போது பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

யார் கட்டினார்கள்? கோர்ட்டில் பிரதிவாதிகள் கட்டினார்கள். அதற்கு வெளியே, தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே, 1899 ஜூன் 6 அன்று சிவகாசி கட்டியது. ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வந்து ஊரைக் கொளுத்தினார்கள், கொன்றார்கள், கொள்ளையடித்தார்கள். கோயில் உரிமை கேட்டுக் கிளம்பிய பகை தெற்கே பல ஊர்களுக்குப் பரவியது. அதில் வீட்டை இழந்தவர்களில் எத்தனை பேர் கமுதிக் கோயிலைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

ஊர் விதிகளைப் பற்றி ஒரு விஷயம். அவற்றை யாரும் எழுதிவைப்பதில்லை. எல்லோரும் கீழ்ப்படிகிற வரைக்கும் எழுத வேண்டிய அவசியம் வருவதில்லை. பழைய ராமநாதபுரம் ஜில்லாவில், இந்த அருப்புக்கோட்டையும் 1985 வரை இருந்த அந்த ஜில்லாவில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் சிலர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அந்தப் பட்டியலைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. வீட்டில் மண் பாத்திரம்தான் புழங்க வேண்டும். பெண்கள் பூ வைக்கக் கூடாது, மேலே துணி போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. அடுத்த வருஷம் ஜூனில் தடைகள் பதினொன்றாகின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. கேட்காதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன.

இந்தப் பட்டியலைக் கொடுமையின் சாசனம் என்று படித்துவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் நின்று இன்னொரு தடவை படித்தால் வேறொன்று தெரிகிறது. குடை பிடிக்காதே என்று 1930இல் சொல்ல வேண்டிவந்தது என்றால், 1929இல் யாரோ ஒருவர் குடை பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்திருக்கிறார். ஒருவர் கிராப் வெட்டியிருக்கிறார். ஓர் அம்மாள் பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்திருக்கிறாள். ஒரு பையன் சிலேட்டோடு போயிருக்கிறான். அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு நமக்கிருக்கும் சாட்சி, அவர்களைத் தடுக்கப் போட்ட அந்தப் பட்டியல்தான். நம் ஜில்லாவில் சட்டத்தைப் பற்றியும் மீறலைப் பற்றியும் எழுதப்பட்ட மிக நல்ல ஆவணம் எது என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மீறாமலே கட்ட வைக்கிற சட்டமும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம், நம் பக்கத்துப் பேச்சில் கைரேகைச் சட்டம். வடக்கே 1871இல் வந்தது, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒரு சாதியில் பிறந்தவர் என்பதே போதும், ரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீசின் கண்ணில் பட்டாக வேண்டும். பக்கத்து ஊரில் கல்யாணம் என்றாலும் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். ராமநாதபுரத்து மறவர்கள் மீதும் இந்தச் சட்டம் பாய்ந்தது. முத்துராமலிங்கத் தேவரின் அரசியல் வாழ்க்கையில் இதை எதிர்த்த போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அதை எடுத்தார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவதே மீறல்.

இதற்கு நேர் எதிராக மதுரையில் ஒன்று நடந்தது. 1939 ஜூலை 8. தமிழ்நாடு ஹரிஜன சேவா சங்கத் தலைவர் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்டவர்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு உள்ளே வரவேற்றார். அன்றைக்கு அவர்களுக்கு நுழைய உரிமை தரும் சட்டம் எதுவும் கிடையாது. பிரிவி கவுன்சில் தீர்ப்பு உயிரோடுதான் இருந்தது. யாராவது ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் கமுதிக் கதை திரும்ப நடக்கும். பட்டர்கள் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள், வைதிகர்கள் கொதித்தார்கள். ராஜாஜி அரசாங்கம் என்ன செய்தது என்றால், அந்த மாதமே ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதை முழுச் சட்டமாக்கியது. இனிமேல் நுழையலாம் என்பதோடு நிற்காமல், ஏற்கனவே நுழைந்ததற்கும் நுழையவிட்டதற்கும் யார் மீதும் வழக்குப் போட முடியாது என்று காப்பும் கொடுத்தது. கமுதியில் பதினைந்து பேர் தலையில் விழுந்த விலையை மதுரையில் அரசாங்கம் தன் தலையில் வாங்கிக்கொண்டது. ராஜாஜியின் வேறு பல காரியங்களில் எனக்கு ஒப்புதல் இல்லை. இதில் அவர் கணக்கைச் சரியாகப் போட்டார்.

நுழைந்தவர்களில் ஒருவரான கக்கன் பின்னாளில் இதே மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார். இதைச் சொன்னால் உடனே கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், 1957 இருக்கிறது.

தீண்டாமையை அரசியல் சட்டம் 1950லேயே ஒழித்துவிட்டது. 1955இல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கிவிட்டார்கள். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் சாதி மோதலை நிறுத்தக் கலெக்டர் கூட்டிய சமாதானப் பேச்சில் இமானுவேல் சேகரன் தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதியாக உட்கார்ந்து சமமாகப் பேசினார். ராணுவத்தில் இருந்து வந்தவர். மறுநாள் ராத்திரி பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் எந்தச் சட்டத்தை மீறினார்? ஒன்றையும் மீறவில்லை. நாட்டின் சட்டத்தை அதன் எழுத்துப்படி நடந்து காட்டினார். அதுவே ஊர் வழக்கத்துக்கு மீறலாகப் பட்டது. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் ஐந்து மறவர்களைச் சுட்டுக் கொன்றது. அடுத்து வந்த நாட்களில் இரு தரப்பிலும் சாவு, வீடுகள் சாம்பல். இமானுவேல் சேகரன் கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட முத்துராமலிங்கத் தேவர் 1959இல் விடுதலையானார். இதற்கு மேல் இந்த மேடையில் நான் வழக்கு நடத்தப் போவதில்லை. சட்டத்தை மாற்றிவிட்டு, அதன்படி நடக்கிறவனுக்குத் துணை நிற்காமல் விட்டால் அரசாங்கம் அவனிடமே பில்லை நீட்டுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இன்றைக்கு நம்மைச் சுற்றி நடக்கிற மீறல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கமுதியோடும் மதுரையோடும் ஒரு உறவும் இல்லை. வரத்துக் கால்வாயை மறித்துப் பிளாட் போடுகிறவர் எந்த நியாயத்துக்காகவும் மீறவில்லை. கட்டுகிறவர் கடைமடை விவசாயி. இதையும் அதையும் ஒரே வார்த்தையால் சொல்ல வேண்டியிருப்பது நம் துரதிர்ஷ்டம்.

பட்டாசுத் தொழிலைச் சொல்லி முடிக்கிறேன். இந்த அவையிலும் சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற குடும்பங்கள் இருக்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இவ்வளவு மருந்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் வாங்கியவரே தொழிலை நடத்த வேண்டும், ஷெட்டு ஷெட்டாக உள்குத்தகைக்கு விடக் கூடாது. ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு வெடிவிபத்தில் செத்தவர்களால் வந்தது. உள்குத்தகைக்கு எடுத்தவருக்குத் தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அறையில் ஆள் கூடும், மருந்து கூடும், மரத்தடியிலும் வேலை நடக்கும். வெயில் ஏறிய நேரத்தில் ஓர் உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பது உயிர்கள் வரை போயின. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் போனார்கள். அங்கேயும் உள்குத்தகைப் பேச்சுதான் அடிபட்டது.

ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் பேப்பரில் வருகிற செய்தியை வரிசையாக எடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். நிவாரணத் தொகை முதல் பத்தியில் இருக்கும். உரிமையாளரைத் தேடத் தனிப்படை என்பது இரண்டாம் பத்தியில் இருக்கும். கைது என்று ஒரு பெயர் முதலில் வந்தால், அது பெரும்பாலும் போர்மேன் பெயராக இருக்கும். அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். உரிமத்தில் அவர் கையெழுத்து கிடையாது.